பூச்சாடியும் பற்றின்மையும்

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'லேட் ஸ்பிரிங்' (1949) படத்தில், விரைவில் மணமாகிப் போகவிருக்கும் மகளும் தந்தையும் கியோட்டோ விடுதியறையில் படுத்திருக்கிறார்கள். தந்தை உறங்கிவிட, மகள் மேலே பார்த்துப் புன்னகைக்கிறாள். அடுத்த ஷாட்டில், மூங்கில் நிழல் விழும் காகிதத் தட்டியின் முன் ஒரு பூச்சாடி. மறுபடி அவள் முகம்; கண் கலங்கியிருக்கிறது. மீண்டும் அதே சாடி. புன்னகை எப்போது கலங்கியதென்பதை ஓசு காட்டவேயில்லை. பின்னாளில் இயக்குநரான பால் ஷ்ரேடர் 1972இல் வெளியிட்ட நூலில் இதை ஜென் மரபோடு இணைத்தார். அப்படியானால், இந்தப் பாணியைக் கைக்கொள்ளும் வேற்று நாட்டுக் கலைஞனுக்கு அதன் சமயமும் வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். பிறர் துயரத்தைத் தனக்கென்று பறித்துக்கொள்ளாமல் பார்க்கும் பற்றின்மை ஒன்று போதும். அதைப் பயிற்சியால் அடைய முடியும்.

ஓசுவின் நூற்றாண்டான 2003இல் தைவான் இயக்குநர் ஹூ சியாவ்-சியென் எடுத்த 'கஃபே லுமியேர்' இதற்குச் சான்று. ஓசு ஷாட்டுகளை வெட்டி அடுக்குபவர். ஹூ நீண்ட ஷாட்டுகளில் நின்று பார்ப்பவர். ஓசுவின் மகள்கள் மணமாகிப் போகிறார்கள். ஹூவின் யோகோ கருவுற்றும் மணம் வேண்டாம் என்கிறாள். அதைக் கேட்ட தந்தை வாய் திறப்பதில்லை, படமும் அவருக்காகப் பேசுவதில்லை. ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி இன்னும் தூரம் போனார். ஓசுவுக்கு அர்ப்பணித்த 'ஃபைவ்' படத்தில் கதையே இல்லை. கடலோரத்தில் அலை ஒரு மரத்துண்டைப் புரட்டுவதைப் பார்க்கிறோம். ஓசுவின் தாழ்ந்த கேமராவை அப்படியே நகலெடுத்த பலரைவிட இவர்களே ஓசுவுக்கு நெருக்கமானவர்கள்.

ஓசு துறவியல்லர், ஹாலிவுட் இயக்குநர் லுபிட்ஷின் ரசிகர், சமய வாசிப்பெல்லாம் பின்னால் ஏற்றியது என்று மறுப்பவர்கள் உண்டு. ஏற்கிறேன். காமகுராவில் அவர் கல்லறைமீது 'இன்மை' என்று பொருள்படும் ஒற்றை எழுத்து மட்டுமே இருப்பதைக்கூட நான் சாட்சிக்கு அழைக்கமாட்டேன். பற்றின்மை எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அல்ல என்பதற்கு அந்த மறுப்பு வலுவே சேர்க்கிறது. இதைவிடக் கடினமானது இன்னொரு கேள்வி: பார்வைதான் முக்கியமென்றால் ஓசுவின் அசையாத கேமரா, மாறாத லென்ஸ் முதலிய விதிகள் எதற்கு? உருக்கமான இடத்தில் முகத்தை நெருங்கிப் போகத்தான் எந்த இயக்குநருக்கும் கை பரபரக்கும். விதி அந்தக் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஷ்ரேடரே 'ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்' (2017) படத்தில் பெரும்பாலும் கேமராவை அசைக்காமல் வைத்திருந்தார். இறுதியில் நாயகனான பாதிரியாரும் மேரி என்ற பெண்ணும் தழுவிக்கொள்ளும்போது அது அவர்களைச் சுற்றிச் சுழல்கிறது. படம் முழுக்க அடக்கி வைத்ததால்தான் அந்த ஒரு மீறலுக்கு அருளின் கனம் வருகிறது.