சமைக்கும் கையின் தர்மம்

உணவைப் பற்றி நம் நாட்டில் தோன்றிய தர்ம விசாரங்களை எல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்குங்கால், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை உண்பவனை நோக்கியே பேசுகின்றன என்பதும், அவ்வுணவை அடுப்பிலேற்றி இறக்குகிறவளிடம் சொல்வதற்கு அவற்றில் அதிகம் இல்லை என்பதும் புலனாகும். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது, எந்த நாளில் எதை விலக்க வேண்டும், எவர் கையால் பெற்றதை ஏற்கலாம் என்றெல்லாம் நுணுகி ஆராய்ந்த பெரியோர், தான் உண்ண மறுத்த ஒன்றைப் பிறர் உண்பதற்காகத் தன் கையாலேயே சமைக்க நேர்கிறவளின் நிலை என்ன என்ற கேள்விக்கு வரும்போது, பேசாமல் கடந்து போகிறார்கள். அன்றேல் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்.

பௌத்த பிக்ஷுக்களின் விதியை எடுத்துக்கொள்வோம். ஜீவகன் என்னும் வைத்தியனுக்குப் புத்தர் செய்த உபதேசமாக மஜ்ஜிம நிகாயத்தில் வருவது இது: தனக்கென்றே ஒரு பிராணி கொல்லப்பட்டதைக் கண்டிருந்தாலும், கேட்டிருந்தாலும், அவ்வாறு ஐயுற்றாலும் பிக்ஷு அந்த மாமிசத்தை ஏற்கலாகாது, இம்மூன்றும் இல்லாதவிடத்து ஏற்பதில் குற்றமில்லை. மீனும் மாமிசமும் பிக்ஷுக்களுக்கு ஆயுள் முழுதும் அறவே விலக்கப்பட வேண்டும் என்று தேவதத்தன் என்னும் பிக்ஷு வற்புறுத்தியபோது, அதைக் கட்டாய விதியாக்கப் புத்தர் இசையவில்லை என்று விநய பிடகம் கூறுகிறது. வீடு வீடாகச் சென்று இட்டதை ஏற்று உண்ணும் துறவிக்கு இந்த விதி பொருந்தும். அவன் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே, அவனை நினையாமலே, சோறும் குழம்பும் ஆகிவிட்டன. ஆனால் பாத்திரத்தை ஏந்தி நிற்பவன் அவன். அதில் இடுகிறவள் ஒருத்தி வீட்டினுள்ளே இருக்கிறாள். காணாமை, கேளாமை, ஐயுறாமை என்னும் மூன்று புகலிடங்களில் ஒன்றுகூட அவளுக்கு இல்லை. வெளியூரிலிருந்து இன்றிரவு வரப்போகும் மகனுக்காகத்தான் அந்தக் கோழி வாங்கப்பட்டது என்பதை அவள் அறிவாள். கறி இன்னும் உடற்சூடு ஆறாமல் வந்திருப்பதையும் அவள் கையே அறியும்.

பௌத்தரின் இந்த விதியைச் சமணர் ஒருபோதும் ஏற்கவில்லை. நீலகேசி என்னும் காவியத்தின் தலைவி பௌத்தரோடு வாதிடுகையில் புலால் உண்ணும் விஷயத்தையும் வாதப் பொருளாக்குகிறாள். சமணருக்குப் பாவம் என்பது தானே செய்தலோடு நிற்பதன்று. பிறரைக் கொண்டு செய்வித்தலும், பிறர் செய்கையில் உடன்படுதலும் அதனுள் அடங்கும். மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. கொலைக்கு அனுமதி தருகிறவன், அறுக்கிறவன், கொல்கிறவன், வாங்குகிறவன், விற்கிறவன், சமைக்கிறவன், பரிமாறுகிறவன், உண்கிறவன் ஆகிய எல்லோரும் கொலைஞரே என்று அது பட்டியலிடுகிறது. அதே அத்தியாயத்தில் மாமிசத்தை அனுமதிக்கும் வாக்கியங்களும் உண்டு என்பதால் அந்நூலை ஒருமனப்பட்ட சாட்சியாகக் கொள்ள இயலாது. எனினும் இந்தப் பட்டியலைப் படித்த நாள் முதல் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில், நம் வீடுகளில் மீனை அரிவாள்மனையில் ஆய்ந்து கழுவுகிறவளும், குழம்பு வைக்கிறவளும், இலையில் பரிமாறுகிறவளும் ஒருத்தியே. உண்பவனுக்குப் பட்டியலில் ஓரிடமே இருக்க, உண்ணாத அவளுக்கு மூன்றிடங்கள் கிடைத்துவிடுகின்றன.

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. முதலில் புலாலையும், பின்னர் பாலையும் தயிரையும் நெய்யையும் நான் விட்டேன். வீட்டில் மற்ற எவரும் எதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கையில் உப்பும் உறைப்பும் பார்க்க என் நாக்கு உதவாது. மகளை அழைத்து அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக் கேட்பேன். மற்றபடி இஞ்சி பூண்டின் பச்சை வாடை போய் மசாலா மணப்பதையும், எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பதையும் கொண்டு பதம் அறிந்துகொள்ளலாம். எனக்குரிய கீரையையும் புளிக்குழம்பையும் முதலில் ஆக்கி மூடிவைத்துவிட்டு, கவுச்சிக்கென்று உள்ள மண்சட்டியைப் பிறகே எடுப்பேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. கணவர் காலமானபின் புலாலை விட்ட பாட்டிமாரும், முருகனுக்கு நேர்ந்துகொண்டு விட்டவர்களும் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த மீன்குழம்புக்காகவே பேரப்பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு ஓடிவந்தார்கள். அவர்களுடைய விரதத்துக்கும் அவர்களுடைய குழம்புக்கும் முரண்பாடு இருப்பதாக எவரும் எண்ணியதில்லை. அவர்கள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டவரும் இல்லை.

புலாலைத் துறந்ததை விடப் பாலைத் துறந்ததே வீட்டாருக்கு விளங்காத செய்கையாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புலால் மறுப்புக்கு நம் சமூகத்தில் ஓர் இடம் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை, கந்த சஷ்டி, சபரிமலைக்கு மாலையிட்ட நாட்கள் என்று புலால் உண்ணும் குடும்பங்களும் அதை அறியும். பாலோ அபிஷேகப் பொருள். புதுமனை புகுவிழாவில் முதலில் பொங்குவது. வந்தவருக்குக் காப்பியாகக் கொடுப்பது. அதில் என்ன ஹிம்சை என்று என் அத்தை கேட்டதில் வியப்பில்லை. கன்று ஈன்றாலன்றிப் பசு பால் சுரப்பதில்லை என்பதும், ஏரும் வண்டியும் போய் டிராக்டர் வந்தபின் காளைக்கன்றை வளர்த்துப் பயன்கொள்வார் குறைந்துபோயினர் என்பதும், கறவை நின்ற மாடும் எருமையும் பெரும்பாலும் எங்கே விற்கப்படுகின்றன என்பதும் கிராமத்தில் வாழ்ந்த எவரும் அறியாதவை அல்ல. கன்று இறந்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கத்தை அத்தையே கண்டிருக்கிறார். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி ஏழை உழவர் பலருக்கு வாழ்வளித்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் பாற்பண்ணையும் கசாப்புக் கடையும் ஒரே வழியின் இரு முனைகள் என்பதே என் துணிபு. அதனால்தான் புலாலை விட்ட பிறகு பாலில் நின்றுவிட என்னால் இயலவில்லை.

காந்தியடிகள் 1912இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் பாலைத் துறந்தார். புலனடக்கம் ஒரு காரணம். பால் கறப்பதற்காக மாடுகளுக்குச் செய்யும் கொடுமைகளைப் பற்றிப் படித்தது மற்றொரு காரணம். 1918இல் கேடாவில் பிடித்த கடும் நோயின் தொடர்ச்சியாக மருத்துவர் பால் அருந்தச் சொன்னபோது, பசுவும் எருமையும்தானே உங்கள் விரதத்தில் அடங்கும், ஆட்டுப்பால் அருந்தலாமே என்று வழி கண்டவர் கஸ்தூரிபா. காந்தியடிகள் அருந்தினார், விரதத்தின் சொல்லைக் காத்து அதன் உட்பொருளைக் கைவிட்டதாகச் சுயசரிதையில் வருந்தவும் செய்தார். அந்த வருத்தத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதர் இறந்துவிடுவாரோ என்று அஞ்சி, அவருடைய விரதத்தின் எல்லையை அளந்து பார்த்த அந்த அம்மையாரின் மனத்தில் இருந்ததும் ஜீவகாருண்யமே என்று எழுதியவரை நான் படித்ததில்லை.

திருவள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இந்த வைப்புமுறையைக் காட்டி, புலால் மறுத்தல் இல்லறத்தாருக்கு உரியதன்று என்று வாதிப்போர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. உண்பதற்காக வாங்குவோர் இல்லாவிட்டால் விற்பதற்காகக் கொல்வோரும் இல்லை என்னும் கருத்து அந்த அதிகாரத்தில் இருக்கிறது. அது சந்தைக்குச் செல்லும் இல்லறத்தானை நோக்கியதேயன்றி, காசே கையில் தீண்டாத துறவியை நோக்கியதாக இருக்க முடியாது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம் இவ்விரண்டு அறங்களும் மோதும்போது செய்யத்தக்கது யாது என்பதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் தர்மவியாதன் கதை இக்கேள்விக்கு மிக அண்மையில் வந்து நிற்கிறது. தவத்தால் செருக்குற்ற கௌசிகன் பிக்ஷைக்கு வந்தபோது, கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஒரு குடும்பப் பெண் அவனைக் காத்திருக்க வைக்கிறாள். அவன் சினந்ததும், மிதிலையில் மாமிசம் விற்கும் வியாதனிடம் சென்று தர்மத்தைக் கற்றுக்கொள் என்று அனுப்புகிறாள். அந்த வியாதன் தான் கொல்வதில்லை. பிறர் கொன்றதை வாங்கி விற்கிறான். தான் மாமிசம் உண்பதும் இல்லை. உண்ணாதவன் கையில் கத்தி இருக்கிறது. குலத்தொழில் என்றும் பூர்வ வினை என்றும் அவன் கூறும் சமாதானங்களை என்னால் ஏற்க முடியவில்லை. குலத்தின் பெயரால் ஒருவனைக் கசாப்புக் கடையோடு பிணைத்துவைக்கும் ஏற்பாடு தர்மமாகாது. அவன் கூறும் வேறொன்றை ஏற்கிறேன். தன் தொழில் கொடியது என்பதை அவன் ஒளிக்கவில்லை. உழவனின் கலப்பையும் மண்ணுக்குள் எண்ணற்ற உயிர்களை மாய்க்கிறது, துறவிகளும் ஹிம்சையிலிருந்து முற்றும் நீங்கியவர் அல்லர், முயற்சியால் அதைக் குறைத்துக்கொண்டவரே என்கிறான். செய்வதைச் செய்துகொண்டே அது நல்லது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளாத இந்த நேர்மை, சுத்தமான கைகளோடு ஒதுங்கி நிற்பதைவிடக் கடினமானது.

நூல்களைத் தவிர நம் கிராமக் கோயில்களிலும் இதற்கு ஒரு விடை உண்டு. ஐயனார் சைவப் படையல் ஏற்கும் தெய்வம். அவரது பரிவாரமாக அதே தோப்பில் நிற்கும் கருப்பனுக்கோ கிடாயும் சேவலும் பலியாகின்றன. கிடா வெட்டும் வேளையில் ஐயனார் சந்நிதிக்குத் திரை போட்டுவிடுகிறார்கள். ஐயனார் கருப்பனை விரட்டவும் இல்லை. கருப்பனைவிட்டு வேறு ஊர் போகவும் இல்லை. சேர்ந்து வாழ்வதற்கு ஊரார் கண்ட இந்த உபாயத்தின் விவேகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் திரை தெய்வத்தின் கண்ணுக்குத்தான். திரையை இழுத்துவிடுகிற பூசாரியின் கண்ணுக்கு மறைப்பு ஏதும் கிடையாது. அடுப்படியில் நிற்கிறவள் அந்தப் பூசாரியின் இடத்தில் நிற்கிறாள்.

வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையையும், 1872இல் சத்திய ஞான சபையையும் நிறுவினார். சபைக்குள் நுழைவதற்குக் கொலையும் புலாலும் தவிர்த்தவராக இருக்க வேண்டும். சாலையில் உண்பதற்குப் பசியைத் தவிர வேறு தகுதி வேண்டியதில்லை. புலால் உண்போரைப் புறவினத்தார் என்று கண்டிப்போடு பிரித்தவரே, அவர்களுக்கும் பசி தவிர்த்தலைச் செய்தாக வேண்டும் என்றார். கொள்கையில் அணுவளவும் தளராத ஒருவர், அந்தக் கொள்கையை ஏற்காதவரின் வயிற்றைத் தம் கொள்கைக்குப் பணயமாக்கவில்லை. அங்கே அன்று மூட்டிய அணையா அடுப்பில் புலால் ஏறியதில்லை என்பது உண்மை. ஆகவே என் வீட்டுப் பிரசினை அங்கே அப்படியே தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பசியைத் தீர்க்கக் கீரையும் பருப்பும் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கறி பசிக்காக ஆவதன்று, ருசிக்கும் வழக்கத்துக்குமாக ஆவது. பசியின் முன் என் விரதம் விலகி நிற்க வேண்டும். ருசியின் முன்னும் அவ்வளவே விலக வேண்டுமா?

வேண்டியதில்லை என்றே முடிவு செய்தேன். கறிக்கடைக்கு நான் போவதில்லை. இன்றைக்கு என்ன வாங்கலாம் என்ற யோசனையிலும் கலப்பதில்லை. வாங்குவதும், அறுத்துக் கழுவுவதும் உண்பவர் பொறுப்பு. கல்லூரிக்குப் போகும் மகன் இப்போது மீன் ஆயக் கற்றுக்கொண்டான். செதிலைச் சுரண்டி, செவுளைப் பிய்த்து, குடலை வழித்தெறியும்போது தான் உண்பது இன்னதென்று அவன் கண்ணாலேயே காண்கிறான். அவன் விட்டுவிட வேண்டும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அறியாமல் உண்ணக் கூடாது என்பதே என் விருப்பம். மனு ஸ்மிருதியின் பட்டியலில் ஒருத்தியின் தலையில் குவிந்திருந்த பங்குகள் இவ்வாறு உரியவர்களிடம் போய்ச் சேர்கின்றன. குழம்புக்கு மசாலா அரைத்துத் தாளித்துக் கொடுப்பதோடு நான் நிற்கிறேன். அதிலும் எனக்குப் பங்கு இல்லையென்று சொல்லமாட்டேன்.

என் அத்தை விஷயத்தில் மட்டும் இந்த ஏற்பாடு செல்லாது. அவருக்குக் கை நடுக்கம், கண்ணும் மங்கிவிட்டது, இனி அவர் எதையும் கற்றுக்கொள்ளவோ மாற்றிக்கொள்ளவோ வேண்டும் என்று எதிர்பார்ப்பது அன்பாகாது. சோறே இறங்காத நாட்களில் நெத்திலிக் குழம்பு கேட்கிறார். அதைப் பசி என்பதா, ருசி என்பதா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. அன்று நானே ஆய்ந்து, நானே சமைத்து, பிசைந்து ஊட்டியும் விடுகிறேன். ஓர் உயிர் துன்புறலாகாது என்றுதான் இந்த விரதத்தை மேற்கொண்டேன். அத்தையின் எதிரில் இலையைப் போட்டுவிட்டு, விரதத்தைக் காட்டி மறுக்கும் உரிமையை அது எனக்குத் தரவில்லை.