ஏஜெண்டு யாருடைய ஆள்?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையின் தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் நின்று ஒருவர் நமக்கு மோர் நீட்டுகிறார். "இதனால் உமக்கு என்ன கிடைக்கும்?" என்று நாம் அவரைக் கேட்பதில்லை, கேட்பது அவமதிப்பாகும். ஆனால் அதே மனிதர் மறுவாரம் நம் வீட்டில் அமர்ந்து, கைக்கணினியைத் திறந்து வைத்து, "அண்ணே, உங்கள் குடும்பத்துக்கு இந்த மருத்துவக் காப்புறுதிதான் பொருத்தம்" என்று கூறுவாராயின், அக்கேள்வியைக் கேட்பது அவமதிப்பன்று, கேளாமலிருப்பதே பேதைமை. மோருக்குக் கூலியில்லை, இந்த யோசனைக்குக் கூலி உண்டு. அக்கூலியைக் கம்பெனி கொடுக்கிறது. கம்பெனிக்கு அப்பணம் எங்கிருந்து வந்தது? நாம் கட்டும் பிரீமியத்திலிருந்தே வந்தது. நமது பணத்தில் கூலி பெற்று, கம்பெனியின் சரக்கை விற்று, நம்முடைய உறவினரைப் போலப் பேசும் இவர் யாருடைய ஆள்?

இக்கேள்வி மலாயாத் தமிழருக்குப் புதிதன்று. நம் பாட்டன்மாரைத் தோட்டங்களுக்கு அழைத்து வந்த கங்காணி யார்? பெரும்பாலும் அதே ஊரினன், அதே சாதியினன், மாமன் என்றும் அண்ணன் என்றும் அழைக்கப்பட்டவன். அவன் சொல்லை நம்பியே மக்கள் கப்பலேறினார்கள். ஆனால் சேர்த்த ஆளுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன் உண்டு. ஆட்கள் வேலைக்கு இறங்கிய கணக்கின்படி தலைக்காசும் உண்டு. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிப் பணத்துடன் மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும்வரை இவ்வழக்கம் நீடித்தது. கங்காணிகள் யாவரும் கொடியவர்களல்லர். தம் ஆட்களுக்காகத் துரையிடம் வாதாடியவர்களும் அவர்களுள் இருந்தனர். குற்றம் கூலி பெற்றதில் இல்லை. உறவு பேசிய வாய், அக்கூலியைப் பேசாமலிருந்ததே குற்றம்.

ஆகவே கமிஷனே பாவம் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் நியாயமன்று. நிபோங் திபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ, நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரின் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குச் சென்று, ஆங்கிலத்தில் அச்சிட்ட பத்திரத்தைத் தமிழில் விளக்குபவர் ஏஜெண்டேயன்றி மாதச் சம்பளக்காரர் அல்லர். அவர் உழைப்புக்கு ஊதியம் வேண்டும். ஊதியம் வேண்டுமா என்பது வினாவன்று. அது எவ்வாறு அமையவேண்டும், எந்தக் கருவியைக் கொண்டு அவர் நமக்கு வழி காட்டவேண்டும் என்பனவே வினாக்கள்.

தண்ணீர்மலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் இத்தொழிலில் இன்று இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்முன் இரண்டு தேர்வுகள் நிற்கின்றன. முதலாவது கமிஷன் ஏற்பாடு. முதல் ஆண்டில் பெருந்தொகையும் பின்னர் தேய்ந்து போவதுமான கமிஷன், புதிய பத்திரத்தை விற்கத் தூண்டும்; விற்ற பத்திரத்தைப் பேணத் தூண்டாது. இதன் விளைவு யாது? ஐம்பத்திரண்டு வயதான ஒருவரிடம் பத்தாண்டுப் பழைய பத்திரம் இருக்கிறது. "அதை விட்டுவிடுங்கள், புதியது மேலானது" என்கிறார் ஏஜெண்டு. புதிய பத்திரத்தில் காத்திருப்புக் காலம் மீண்டும் தொடங்குகிறது. வழக்கமாகப் பொதுநோய்க்கு 30 நாள், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். இடைப்பட்ட பத்தாண்டில் வந்த நீரிழிவோ, "முன்பே இருந்த நோய்" என்று புதிய பத்திரத்தில் ஒதுக்கப்படலாம். ஏஜெண்டுக்குக் கிடைத்தது முதலாண்டுக் கமிஷன். அம்மனிதர் இழந்தது பத்தாண்டுப் பாதுகாப்பு.

இரண்டாவது தேர்வு, விலைக்குறிப்பு தரும் மென்பொருள். வயதையும் தொழிலையும் இட்டால் அது நொடியில் பிரீமியத்தைக் காட்டுகிறது. கணினி பொய் சொல்லாது என்று நாம் எண்ணுகிறோம். பொய் சொல்லாமலிருக்கலாம், ஆனால் எதைக் காட்டுவது, எதை முதலில் காட்டுவது என்பதை மனிதரே அதற்குக் கற்பித்தனர். ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்ட ஏஜெண்டின் கருவி அக்கம்பெனியின் திட்டங்களையே காட்டும். பல கம்பெனிகளை ஒப்பிடும் தரகரின் கருவியும், வரிசையை விலையால் அமைக்கிறதா, பயனால் அமைக்கிறதா, கமிஷனால் அமைக்கிறதா என்பது வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்றைய பிரீமியத்தைப் பெரிய எழுத்தில் காட்டும் கருவி, அறுபது வயதில் கட்டவேண்டியதையும் அதே அளவு எழுத்தில் காட்டுகிறதா? மருத்துவப் பிரீமியம் என்றும் மாறாத தொகையன்று. அது பலருக்குத் தாங்கவியலாத அளவு ஏறியதால், 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பவேண்டும் என்று கம்பெனிகளைப் பணிக்க நேர்ந்தது.

எந்த மென்பொருளும் காட்டாத ஒரு திட்டமும் உண்டு. தண்ணீர்மலைக்கு வெகு தூரமில்லாத அரசாங்கப் பொது மருத்துவமனையே அது. குடிமக்கள் அங்கே 1 வெள்ளியில் வெளிநோயாளராக மருத்துவரைப் பார்க்கலாம். காத்திருக்கவேண்டும் என்பது உண்மை. எனினும், மாதம் முந்நூறு வெள்ளி பிரீமியம் கட்டினால் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் என்னும் நிலையிலுள்ளவரிடம், "இப்பொழுது உமக்கு இது வேண்டாம், அல்லது செலவில் ஒரு பங்கை நீரே ஏற்கும் குறைந்த திட்டம் போதும்" என்று கூறுவதே அறம். அதில் கமிஷன் இல்லை அல்லது குறைவு. ஆதலால் கருவி அதைக் கூறாது. மனிதர்தான் கூறவேண்டும்.

"கமிஷனை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதாதா?" என்பர் சிலர். போதாது. சொல்லிவிட்டோம் என்ற துணிவிலே தவறான திட்டத்தை விற்பவரும் உண்டு; கேட்டும் பொருள் விளங்காமல் தலையசைப்பவரும் உண்டு. ஆதலால் சில நாடுகள் ஊதியத்தின் அமைப்பையே மாற்றின. ஆஸ்திரேலியாவில் ஆயுள் காப்புறுதிக்கு முதலாண்டில் தரப்படும் கமிஷனுக்குச் சட்டம் வரம்பிட்டு, 2020 முதல் அது பிரீமியத்தில் 60 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்றும், பின்வரும் ஆண்டுகளில் 20 சதவீதம் என்றும் வகுத்தது. இரண்டாண்டுக்குள் பத்திரம் கைவிடப்பட்டால் கமிஷனைத் திருப்பித் தரவும் வேண்டும். மனிதனைத் தேவனாக்க முயலாமல், அவனுடைய இலாபத்தை வாங்குபவரின் நலத்தோடு பிணைக்க முயன்ற ஏற்பாடு இது.

சட்டம் அவ்வாறு வரும்வரை நம் இளைஞர் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. ஆண்டுதோறும் சமமாக வரும் கமிஷன் கிடைக்கும் இடத்தில், முதலாண்டுப் பெருந்தொகையை அவர் விட்டுக்கொடுக்கலாம். தமக்குக் குறைந்த வருவாய் தரும் திட்டத்தையும் மறைக்காமல் காட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். கைக்கணினியைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளாமல் வாங்குபவர் பக்கம் திருப்பி வைக்கலாம். இதனால் அவர் வருமானம் சில ஆண்டுகள் குறையும். அதை மறைத்துப் பேசுவதும் ஒரு பொய்யே.

வாங்கும் தோழர்களுக்கும் கடமை உண்டு. "தம்பி, இதில் உனக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்நாட்களில் படித்தறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கேள்விக்கு நேராக விடை சொல்பவரை மதித்து, அவருக்குரிய கூலி அவரைச் சேரும்படி அவரிடமே வாங்குங்கள். முகம் சுளிப்பவரிடம், நம் பாட்டனார் கங்காணியைக் கேட்காமல் விட்ட கேள்வி இது என்று சொல்லி, எழுந்து வாருங்கள்.