அறிந்தபின் அன்றோ இசைவு!

பொருநை நதியின் ஒரு கரையில் அம்பாசமுத்திரம். மறு கரையில் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன இவ்வூரில் பீடித்தட்டை மடியில் ஏந்தியிருக்கும் ஒரு தாயின் வீட்டிற்கும் இன்று இரத்தப் பரிசோதனை முடிவு கைபேசி வழியே வந்து சேருகிறது. வந்தது கண்ணுக்கு, கருத்துக்கு வந்ததா? 'நெகட்டிவ்' என்றிருக்கக் கண்டு ஏதோ கேடென்று கலங்குவோரையும், 'பாசிட்டிவ்' என்றதும் நிம்மதி கொள்வோரையும் நாம் அறிவோம். அவர்கள் பிழை செய்தார்களா? அச்சொற்களுக்கு உலகம் தரும் பொருளைத்தான் அவர்கள் கொண்டார்கள். நேர்மாறாக வழங்குவது மருத்துவமே.

"படித்துக்கொள்ளட்டுமே" என்பார் உளர். எழுத்தறிவு வேறு, நலவாழ்வறிவு வேறு. சர்க்கரை அளவு மூன்று மாதச் சராசரியாகத் தரப்படும்போது, பட்டம் பெற்றவரும் அதை நேற்று உண்ட பலகாரத்தின் விளைவென்று எண்ணுவதுண்டு. ஆதலால் புரியவைக்கும் கடமை, கருவியைச் செய்தவர்மேலும் அதைக் கொண்டு மருத்துவம் பார்ப்பவர்மேலும்தான் முதலில் விழுகிறது என்பது நம் துணிபு.

2021 மே முதல் நாளன்று பதினெட்டு வயது நிரம்பியோர்க்கெல்லாம் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது, நாற்பத்தைந்துக்குக் குறைந்தோர் 'கோவின்' தளத்தில் பதிந்தே வரவேண்டும் என்றிருந்தது. அத்தளம் அன்று தமிழ் பேசவில்லை. தமிழ் அதில் இடம்பெற ஜூன் ஆயிற்று. அதற்குள் உச்ச நீதிமன்றமே சிற்றூர் மக்களின் கதி என்னவென்று கேட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்தின் வாசலில் மொழியைக் காவல் நிறுத்தியது அறமாகுமா?

இதனினும் ஆழமான வினா இசைவு பற்றியது. 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், பதினான்கு இலக்க எண்ணின்கீழ் ஒருவரது நோய்க்குறிப்புகளை இணைக்கிறது. அவருடைய இசைவோடுதான் என்பது விதி. அறியாமை விருப்பத்தையே குலைத்துவிடும் என்றார் புனித அக்வினாஸ் தோமையார். அப்படியாயின், பொருள் விளங்காமல் அழுத்திய பொத்தான் இசைவா, வெறும் விரலசைவா? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிந்த எளிய நடையில், எட்டாம் அட்டவணை மொழிகளிலும் இசைவு கேட்கச் சொல்கிறது. நன்று. ஆனால் அகராதித் தமிழும் பிறமொழியே! (மறையுரைகளுக்கும் இது பொருந்தும் என்பார்க்கு மறுமொழி இல்லை.)

இன்னுமொன்று. பல வீடுகளில் கைபேசி மகனுடையது. அவனோ திருப்பூரில் இருப்பான். ஒருமுறைக் கடவுச்சொல் அவனுக்குச் செல்கிறது. தாயின் கருப்பை நோயும் அவளுக்கு முன்னே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. உதவி தேவைதான், ஆயினும் தன் உடலின் இரகசியத்தைத் தானே காக்கும் உரிமை, எண்ணத் தடுமாறுபவளுக்கும் உண்டன்றோ?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே இல்லந்தேடி வருபவர் பெண் தன்னார்வலர். இரத்த அழுத்தம் பார்த்து, விவரத்தைச் செயலியில் பதிபவரும் அவரே. கருவியின் சுமை நோயாளியின் தலைமேல் ஏறவில்லை. பதிந்தபின், "இந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டு, அவர் தம் சொல்லில் சொல்லும்வரை காத்திருக்கச் சில நிமிடங்கள் வேண்டும். எத்தனை வீடு முடிந்தது என்று எண்ணும் செயலியில், அந்த நிமிடங்களைப் பதிவதற்கும் ஓர் இடம் வேண்டுமென்றே நாம் கேட்கிறோம்.