உல்லாசமும் அறமும்: பொற்றோசி நகர் எழுப்பும் வினா

பிறநாடு காணச் செல்வோரை 'உல்லாசப் பிரயாணிகள்' என அழைப்பது நம்மிடையே வழக்காகிவிட்டது. அப்பெயர் தன்னுள்ளே ஒரு கொள்கையை அடக்கி நிற்கின்றது. காண்பவன் மகிழும் பொருட்டே காணப்படும் நாடு உளது என்பதே அக்கொள்கை. சென்ற தவணையில் ஒருநாள், பொலிவியா நாட்டுப் பொற்றோசி நகரைப் பற்றி உயர்தர வகுப்பிலே உரையாடிக்கொண்டிருந்தோம். அந்நகரின் சுரங்கத்தைப் பார்க்க உல்லாசப் பிரயாணிகள் கட்டணம் செலுத்திச் செல்கின்றனர் என்று கூறியபொழுது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், ஆக்கள் வருத்தப்பட்டுச் சாகிற இடத்தைக் காசு குடுத்துப் போய்ப் பாக்கிறது சரியோ?" என்று கேட்டாள். நான் உடனே விடை கூறவில்லை. 'சரியன்று' என ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆயின், எளிதாகக் கிடைக்கும் அறத்தீர்ப்புகளையிட்டு ஆசிரியன் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அன்று கூறாத விடையை ஈண்டு ஆராய முயல்கின்றேன்.

பொற்றோசி கடல் மட்டத்திலிருந்து 4,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த நகர். புதிதாகச் செல்வோருக்குப் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். நகருக்கு மேலே கூம்பு வடிவாய்ச் செந்நிறம் பூண்டு நிற்கும் மலையைச் 'செரோ றிக்கோ', அதாவது செல்வ மலை, என்பர். அதன் வெள்ளியை ஸ்பானியர் அறிந்துகொண்டது 1545ஆம் ஆண்டில். அதன்பின் மனிதர் வாழ்தற்கரிய அவ்வுயரத்தில் ஒரு மாநகர் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 160,000 பேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. விலைமதிக்கவியலாத பொருளைக் குறிக்க 'ஒரு பொற்றோசி பெறும்' என்னும் தொடர் ஸ்பானிய மொழியில் இன்றும் வழங்குகின்றது.

அந்த வெள்ளி தானாக மலையைவிட்டு இறங்கி வரவில்லை. 1570களில் அரசப் பிரதிநிதியாக இருந்த பிரான்சிஸ்கோ டெ டொலேடோ 'மீற்றா' என்னும் கட்டாய உழைப்பு முறையை அங்கே நிறுவினார். கெச்சுவா மொழியில் அச்சொல்லுக்கு 'முறை' அல்லது 'தவணை' என்பது பொருள். இன்கா ஆட்சியில் பொதுப்பணிக்கென வழங்கிய ஓர் ஏற்பாட்டை அந்நிய ஆட்சி தன் இலாபத்துக்கெனத் திருப்பிக்கொண்டது. குறிக்கப்பட்ட மாகாணங்களில் வயதுவந்த ஆண்களுள் ஏழிலொரு பங்கினர் ஆண்டுதோறும் சுரங்கத்துக்கு வரவேண்டும். இவ்வாறு ஆண்டொன்றுக்கு அழைக்கப்பட்டோர் ஏறத்தாழ 13,000 பேர். குஸ்கோ நகரை அடுத்த பகுதிகளிலிருந்துகூட நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடந்து, மனைவி மக்களுடனும் சுமை விலங்குகளுடனும் அவர்கள் வந்தனர். மலையைக் குடைந்தவனின் நெஞ்சிலே தூசி படிந்தது. தாதுடன் பாதரசம் கலந்து வெள்ளி பிரித்தவனின் உடலிலே நஞ்சு ஏறியது. 1812ஆம் ஆண்டில் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இது நிகழ்ந்தது. கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற் பாகத்தில், முதலாளித்துவத்தின் மூலத்தை விளக்கப் புகுந்தபோது அமெரிக்கச் சுரங்கங்களைச் சுட்டிக் காட்டியமை தற்செயலன்று.

இனி, இன்றைய பிரயாணி காண்பன எவை என நோக்குவோம். சான் லொறென்சோ தேவாலயத்தின் வாயிலைக் காண்கின்றான். பதினெட்டாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட அக்கல்லிலே ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் உள்ளன. நரம்புக் கருவி மீட்டும் கடற்கன்னியரும் உளர். ஐரோப்பியக் கோயிலுக்கு அந்தீசு மலை மக்களின் உள்ளம் இட்ட கையொப்பம் அது. பின்னர் 1773ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நாணயசாலையைக் காண்கின்றான். அங்கே வெள்ளியைத் தகடாக்கிய பாரிய மரப் பொறிகள் இன்றும் உள்ளன. கீழ்த்தளத்திலே கோவேறு கழுதைகள் சுற்றிவர, மேற்றளத்திலே அவை சுழன்றன. நகருக்கு வெளியே காரி காரி மலைத்தொடரிடையே நீலம் பாரித்துக் கிடக்கும் ஏரிகளைக் கண்டு இயற்கையின் எழிலை வியக்கின்றான். அவை இயற்கையின் ஏரிகள் அல்ல. தாதுவை இடிக்கும் ஆலைகளைச் சுழற்றுவதற்கென 1570கள் தொடக்கம் தொழிலாளர் கட்டிய நீர்த்தேக்கங்கள். 1626இல் அவற்றுள் ஒன்றின் அணை உடைந்து, கீழிருந்த ஆலைகளையும் மனிதரையும் வாரிச் சென்றது. ஆக, கலை எனவும் இயற்கை எனவும் பிரயாணி பிரித்துக் காண்பனவெல்லாம் ஒரே மலையிலிருந்து, ஒரே உழைப்பிலிருந்து பிறந்தவையே.

நாணயசாலையில் ஓர் ஓவியம் உண்டு. வரைந்தவர் பெயர் அதில் இல்லை. கன்னி மரியாளின் உருவம். ஆனால் அவள் அணிந்துள்ள ஆடையே செரோ றிக்கோ மலை. முகமும் கைகளும் மட்டும் மலையிலிருந்து வெளித் தோன்றுகின்றன. நிலத்தைத் தாயாக வணங்கிய மக்களின் நம்பிக்கை கிறித்துவத்துடன் கலந்த விதத்துக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். நம்மைச் சிந்திக்கத் தூண்டுவது பிறிதொன்று. ஓவியத்தின் அடியில் பாப்பரசரும் பேரரசரும் பெரிய உருவினராய் முழந்தாளிட்டிருக்கின்றனர். மலையின் பாதைகளில் நடமாடும் மனிதரோ எறும்பளவினர். காண்பவன் நெருங்கி நின்று தேடினாலன்றி அவர்கள் கண்ணிற் படுவதில்லை. பொற்றோசியைக் காணும் முறையிலுள்ள சிக்கல் முழுவதும் இந்த அளவு வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது.

அந்தச் சிறிய மனிதர் இன்றும் மலையில் உளர். 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் பெரும் தகரச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டன. 1985இல் உலகச் சந்தையில் தகரத்தின் விலை சரிந்தது. அவ்வாண்டிலேயே அரசு தன் பொருளாதாரக் கொள்கையைத் தலைகீழாக மாற்றியது. அதனைத் தொடர்ந்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட அரச சுரங்கத் தொழிலாளர் வேலை இழந்தனர். பொற்றோசி மலையில் அவர்களுட் பலர் கூட்டுறவுச் சங்கங்களில் இணைந்து பழைய குடைவுகளை மேலும் குடையலாயினர். கூட்டுறவு என்ற பெயர் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. பங்கு பெறும் அங்கத்தவனும், அவன் கீழ் நாட்கூலிக்கு உழைப்பவனும் ஒரே குடைவில் இரு வேறு நிலையினர். மலைச்சரிவிலே கழிகல்லைப் பொறுக்கித் தாது தேடும் பெண்களும், சுரங்க வாயிற் குடிசைகளிலே காவல் இருக்கும் பெண்களும் அவர்களிலும் கீழான நிலையினர்.

இந்தச் சுரங்கத்துக்கே பிரயாணிகள் அழைத்துச் செல்லப்படுகின்றனர். தொழிலாளர் கடைத்தெருவிலே கொக்கா இலையும் மதுசாரமும் டைனமைற்றும் வாங்கிப் பரிசாக எடுத்துச் செல்வர். தலைக்கவசமும் விளக்கும் அணிந்து தவழ்ந்து செல்வர். 'தீயோ' எனப்படும் சுரங்கத் தெய்வத்தின் முன் நின்று படம் பிடிப்பர். இரண்டொரு மணி நேரத்தின் பின் வெளிச்சத்துக்குத் திரும்புவர். தொழிலாளி உள்ளே இருப்பான்.

இதனைக் கண்டிப்போர் கூறுவது யாது? பிறன் துன்பத்தைக் காட்சியாக்குவது இழிவு. ஆதலாற் போகாதிருத்தலே அறம் என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது அரை உண்மை. சுரங்கத்துக்குப் போகாது, தேவாலயத்தையும் நாணயசாலையையும் மட்டும் கண்டு திரும்புபவன் எவ்வகையில் தூயவன்? அவன் உழைப்பின் பயனைக் கண்டு மகிழ்ந்தான். உழைப்பைக் காண மறுத்தான். கண்ணை மூடிக்கொள்வதால் கை தூய்மையாவதில்லை.

போவதை ஆதரிப்போர், பிரயாணி தரும் பணம் தொழிலாளிக்கும் உதவுகின்றது என்பர். இதனையும் நாம் எள்ளி நகையாடலாகாது. வழிகாட்டிகளுட் பலர் முன்னாட் சுரங்கத் தொழிலாளர். நெஞ்சிலே தூசி நிறைந்த தொழிலை விட்டு மொழியறிவால் வாழ வழி கண்டவனை நோக்கி, உன் பிழைப்பு அறமன்று எனக் கூற நமக்கு உரிமை இல்லை. ஆயின் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. நாளை அச்சுரங்கத்துக்கு நல்ல காற்றோட்டமும் உறுதியான தாங்குமரங்களும் கிடைக்குமாயின், தூசியும் இடிபாடும் ஒழியுமாயின், பிரயாணி அதனைக் காண வருவானா? வரமாட்டான் எனின், அவன் விலை கொடுத்து வாங்கியது சுரங்கத்தையன்று, அதன் ஆபத்தை. அந்த ஆபத்து நீடிப்பதிலே அவனுக்கும் ஒரு பங்கு ஏற்பட்டுவிடுகின்றது. பரிசுப்பொட்டலம் இவ்வுண்மையை மறைக்குமேயன்றி மாற்றாது.

மூன்றாவதாக, நம்மையொத்த முற்போக்காளர் மேற்கொள்ளும் நோக்கு ஒன்றுண்டு. அதனையும் விசாரணைக்கு உட்படுத்துவதே நேர்மை. பொற்றோசியில் எண்பது இலட்சம் பேர் மாண்டனர் என அடிக்கடி எழுதப்படுகின்றது. வரலாற்றாய்வாளர் இவ்வெண்ணை ஐயுறுகின்றனர். மாகாணங்களில் மக்கட்டொகை குறைந்தமைக்கு இறப்பு மட்டும் காரணமன்று. மீற்றாவுக்கு அஞ்சி வேற்றூர்களுக்கு ஓடிக் குடியேறியோர் மிகப் பலர். எண்ணைப் பெருக்கினால் சினம் பெருகும் என நாம் கருதுகின்றோம். ஆனால் ஓடியவனையும் இறந்தவனாகக் கணக்கிடும்பொழுது, அவன் தப்பிப் பிழைக்க மேற்கொண்ட துணிவை நாமே அழித்துவிடுகின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டிலே 'கக்சா'க்கள் எனப்பட்ட தொழிலாளர், சனிக்கிழமை மாலை முதல் திங்கள் விடியும் வரை சுரங்கத்தினுட் புகுந்து தமக்கெனத் தாது வெட்டினர். உடைமையாளர் அதனைத் திருட்டு என்றனர்; தொழிலாளர் தம் உரிமை என்றனர். வெறும் பலியாடுகள் இவ்வாறு செய்வதில்லை.

அண்மைக் காலத்து வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. பொற்றோசி மாகாணத்துப் புலக்காயோவிலே 1946ஆம் ஆண்டில் கூடிய சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் தன் அரசியல் நிலைப்பாட்டைத் தானே எழுதி உலகுக்கு அறிவித்தது. சிக்லோ வெய்ன்ற்றே சுரங்கக் குடியிருப்பிலிருந்து சென்ற தொமித்திலா பாறியோஸ் டெ சுங்காரா, 1975இல் மெக்சிக்கோ நகரில் நடந்த சர்வதேச மகளிர் ஆண்டுக் கூட்டத்திலே, வசதி படைத்த மாதர் தம் பொருட்டுப் பேசுவதை ஏற்காது தாமே பேசினார். 1977 திசெம்பர் இறுதியில் சுரங்கத் தொழிலாளர் மனைவியர் நால்வர் தம் பிள்ளைகளுடன் லா பாஸ் நகரில் உண்ணாவிரதம் தொடங்கினர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவர்களுடன் சேர்ந்தனர். மூன்று வாரங்களில் பன்சரின் இராணுவ ஆட்சி பொதுமன்னிப்பு வழங்கப் பணிந்தது. இவர்கள் இரங்கத்தக்க காட்சிப் பொருள்களாக இருந்தவர்கள் அல்லர். பார்க்க வந்தவரைத் திரும்பிப் பார்த்தவர்கள். வினவியவரைத் திரும்ப வினவியவர்கள்.

எனவே, 'பார்ப்பது சரியோ?' என்னும் வினாவுக்குப் பார்வையின் தன்மையிலேதான் விடை தேடவேண்டும். பார்க்கப்படுபவனுக்குத் திரும்பிப் பார்க்கவும் கேட்கவும் இடமில்லாத பார்வை, எத்துணை இரக்கம் கலந்ததாயினும், அறமாகாது. அவ்விடம் உள்ள பார்வை கடமையாகவும் ஆகலாம். சுரங்கத்துள் நின்று படம் பிடிப்பவனின் கைத்தொலைபேசியினுள்ளே உறுப்புகளைப் பொருத்தி நிற்கும் பற்றாசு பெரும்பாலும் தகரமே. எங்கோ ஒரு சுரங்கத்திலிருந்து எவனோ ஒருவன் வெட்டியெடுத்த தகரம் அது. தொழிலாளி அவனை நோக்கி, "என் தாதுவுக்கு என்ன விலை தருகிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா?" எனக் கேட்கக் கூடும். அக்கேள்விக்கு முகங்கொடுக்க ஆயத்தமாய்ச் செல்பவன் விருந்தினன். ஆயத்தமில்லாதவன், மலையிலே நின்றாலும் தன் வீட்டிலே நின்றாலும், வெறும் பார்வையாளனே.

1987இல் பொற்றோசியை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த யுனெஸ்கோ, 2014இல் அதனை ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. கட்டுப்பாடற்ற அகழ்வினால் மலையின் உச்சி சரிந்து வருவதே காரணம். மலையின் வடிவு கெடுவதையிட்டு உலகம் கவலை கொள்வது நன்றே. அவ்வுச்சி சரிந்தால் கீழே புதையுண்பவனும் தொழிலாளியே. ஆயினும் மலையைக் காக்கும் திட்டம் எதுவும், அம்மலையை விட்டால் வேறு பிழைப்பில்லாதவனுக்கு வழி கூறாதாயின், பழைய ஓவியத்தின் அளவு வேறுபாட்டையே மீண்டும் வரைந்ததாகும்.

அடுத்த தவணை தொடங்கியதும் அம்மாணவியிடம் இதனைக் கூற எண்ணியுள்ளேன். அவள் கேட்ட கேள்வியைச் சற்றே மாற்றி, தான் காண்பவற்றையும் நுகர்பவற்றையும் நோக்கி நாள்தோறும் கேட்குமாறும் கூறுவேன்: இதனை ஆக்கியவன் எங்கே நிற்கின்றான்? அவன் என்னை நோக்கி என்ன கேட்பான்?