இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: அமைப்பும் அறமும்

முன்னுரை

உயிரினங்களையும் பாறைகளையும் புதைபடிவங்களையும் திரட்டி, வகைப்படுத்தி, மக்கள் பார்வைக்கு வைக்கும் இடமே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். புதுதில்லியில் 1978 சூன் 5 அன்று திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று தீக்கிரையாயிற்று. 1818இல் தோன்றிய பிரேசில் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 அன்று எரிந்து, தன் தொகுப்பின் பெரும்பகுதியை இழந்தது. இத்தகைய ஒன்றைப் புதிதாக அமைப்பதாயின் எவ்வாறு அமைப்பது என்னும் வினா கட்டடக் கலையோடு முடிவதன்று. எதைக் காட்டலாம், காட்டும் உரிமை யாருக்கு உண்டு என்னும் அறவினாக்களும் அதனுள் அடங்கும். அவ்வினாக்களின் வழியே குறிக்கோள் அருங்காட்சியகம் ஒன்றின் அமைப்பை வகுத்துக்காண இக்கட்டுரை முற்படுகிறது.

கொலையும் அறிவும்

பாடஞ்செய்யப்பட்ட விலங்குகளுள் பல, காட்சிக்கெனவே கொல்லப்பட்டவை. உயிரைப் போற்றக் கற்பிக்கும் இடம் உயிர்க்கொலையின்மேல் எழுந்தது என்பது முரணே. எனினும் அத்தொகுப்புகளை முற்றாக விலக்குதல் எளிதன்று. பிரிட்டனில் டெரிக் ராட்கிளிஃப் பழைய தொகுப்புகளில் இருந்த வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகளின் முட்டையோடுகளைப் பிற்கால ஓடுகளோடு ஒப்பிட்டு, 1940களின் பிற்பகுதி முதல் அவை மெலிந்துவந்தமையை 1967இல் வெளியிட்டார். டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளின் தீங்கை நிறுவுவதற்கு அது துணைநின்றது. முட்டைகளைக் கவர்ந்தோர் இப்பயனைக் கருதினாரல்லர். ஆதலின் பின்விளைந்த நன்மை அவர்தம் செயலை நியாயப்படுத்தாது. ஆயின் முன்னரே நேர்ந்த இழப்பை வீணாக்காமை பின்வந்தோரின் கடமையாகிறது. எனவே பழைய தொகுப்பு பேணப்பட வேண்டும். காட்சிக்காகப் புதிதாகக் கொல்லுதல் கூடாது. ஒவ்வொரு பொருளின் விளக்கச் சீட்டும் பெயரோடு நில்லாமல், அவ்வுயிர் எங்கு, எப்போது, எவ்வாறு இறந்தது என்பதையும் கூற வேண்டும்.

உடைமையும் உரிமையும்

பெர்லின் அருங்காட்சியகத்தில் நிற்கும் மாபெரும் தொன்மா எலும்புக்கூடு, இன்றைய தான்சானியாவிலுள்ள தெண்டகுருவில் 1909 முதல் 1913 வரை அகழ்ந்தெடுக்கப்பட்டது. அந்நிலம் அன்று செர்மானியக் குடியேற்ற நாடு. அகழ்ந்தும் சுமந்தும் உழைத்தோர் ஆப்பிரிக்கத் தொழிலாளர். புகழோ அகழ்வை நடத்தியோர்க்கே சென்றது. மனிதர் தோன்றுவதற்கு மிக முற்பட்ட எலும்பு எந்நாட்டிற்கும் உரியதன்று என வாதிடலாம். அவ்வாதம் ஏற்கப்படின், அதனை வைத்திருக்கும் நாட்டிற்கும் அது உரியதன்று என்பதே பெறப்படும். ஆகவே உடைமை கோருவதினும், தோன்றிய நிலத்து மக்கள் அதனைக் காணவும் ஆராயவும் வழிசெய்தலே முதற்கடன் எனலாம்.

மனிதரின் இடம்

தென்னாப்பிரிக்கப் பெண்ணான சாரா பார்ட்மன் 1810 முதல் லண்டனிலும் பின்னர்ப் பாரிசிலும் காட்சிப்பொருளாக்கப்பட்டார். 1815இல் இறந்தபின் அவருடைய எலும்புக்கூடும் உடலச்சும் பாரிசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2002இலேயே அவருடைய எச்சங்கள் தாய்நாட்டு மண்ணில் அடக்கம் செய்யப்பெற்றன. மனிதரை இயற்கையின் பகுதியாகக் கருதியமை இங்குப் பிழையன்று. சிலரை மட்டும் இயற்கையாகவும், காண்போரை அதற்கு அப்பாற்பட்டவராகவும் பிரித்தமையே பிழை.

இவ்விடத்துத் தொல்காப்பிய மரபியலின் உயிர்ப்பாகுபாடு கருதத்தக்கது. புல்லும் மரமும் ஓரறிவு பெற, மக்கள் ஆறறிவு பெறுவர். இவ்வரிசையில் மாந்தர் அனைவரும் உள்ளடங்குவர். வகைப்படுத்தும் புலவனும் இதற்குப் புறத்தே நிற்பவனல்லன். மேலும் ஆறாவதாகக் கூறப்படுவது மனம். விலங்கோடு மாக்களையும் ஐயறிவில் வைத்தமையால், உயர்வு பிறப்பால் அமைவதன்று, மனத்தின் பயனால் அமைவது எனக் கொள்ள இடமுண்டு. அகத்திணையியல் கூறும் கருப்பொருள்களும் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றை ஒருங்கே நிறுத்துகின்றன. பாலூட்டிக்கு ஒரு கூடம், பறவைக்கு ஒரு கூடம் எனப் பிரிப்பதற்கு மாற்றாக, நிலந்தோறும் கூடம் அமைக்கும் நெறியை இதனின்று பெறலாம். ஆங்குக் கழுகின் வீழ்ச்சியும் தனித்துத் தோன்றாது. கால்நடைக்கு இட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, அவற்றின் சடலத்தை உண்ட பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதும், 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை இந்தியா தடைசெய்ததும் உழவர் வாழ்வோடு இணைத்தே உணர்த்தப்படும்.

முடிவுரை

லண்டன் அருங்காட்சியகம் 2017இல் தன் நடுக்கூடத்துத் தொன்மாவின் வார்ப்பை அகற்றி, நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை நிறுவியது. வேட்டையால் அழிவின் விளிம்பை எட்டிய அவ்வினம் 1966இல் பன்னாட்டுப் பாதுகாப்பைப் பெற்றது. தொன்மாவின் அழிவில் மனிதர்க்குப் பங்கில்லை. திமிங்கிலத்தின் அழிவிலும் மீட்பிலும் உண்டு. வியப்பை மட்டும் தரும் காட்சிக்கும் பொறுப்பை உணர்த்தும் காட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கொலையை மறையாமை, தோன்றிய நிலத்தை மதித்தல், காண்போரையும் காட்சிக்குள் சேர்த்தல் ஆகிய மூன்றும் குறிக்கோள் அருங்காட்சியகத்தின் அடிப்படைகளாகும். இவை இன்றி எழும் கட்டடம் எத்துணைப் பெரிதாயினும் பொருட்கிடங்காகவே அமையும்.