அடைத்தலும் ஓர் அதிசாரமே



நம்மவருள் ஆசிரியப் பணி புரிவோர் பலர். மாணவர்க்குக் காட்டிக் கற்பிக்கும் பொருட்டு, ஊர்வனவற்றையும் நத்தை, மரவட்டை போன்ற சிற்றுயிர்களையும் வைக்கும் கூடுகளை அமைக்கும் பொறுப்பு அவர்க்கு வாய்க்குமாயின், சமணர் என்ற முறையில் எது செய்தல் தகும்? இதனை நாம் சிறிது சிந்திப்போம்.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. ஆடு மாடு வளர்ப்போர்க்கே உரியன என்று நாம் எண்ணியிருந்த இவ்வைந்தும் கண்ணாடிக் கூட்டிற்கும் அளவுகோலாகின்றன.

அடைத்தலே முதற்கண் வைக்கப்பட்டுள்ளது. ஆதலின் கூடு சிறையாகாதிருத்தல் வேண்டும். ஊர்வன தம் உடல் வெப்பத்தைப் புறத்தினின்றே பெறுவன. எனவே கூட்டின் ஒரு கோடி வெம்மையாகவும் மறு கோடி குளிர்ச்சியாகவும் அமைதல் வேண்டும். ஒளிந்திருக்கும் இடம் இரு கோடியிலும் வேண்டும். ஓரிடமே இருப்பின், அச்சம் நீங்க ஒளிவதா, உடலுக்கேற்ற வெம்மையை நாடுவதா என்று அவ்வுயிர் தவிக்கும்.

பாம்பிற்குப் புறச்செவி இல்லை. ஆயினும் அதிர்வை உடலால் உணரும். கண்ணாடியைத் தட்டும் விரல் அதற்கு அடியே ஆகும். காப்பின்றித் தொங்கும் சூட்டு விளக்கு தோலைச் சுடும்; கரடான கம்பிவலை மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கும். இவை உறுப்பிற்குச் செய்யும் ஊறு. ஒரு கூட்டில் பல உயிர்களை நெருக்குதலும், வகுப்பு முழுவதும் கைமாற்றித் தூக்குதலும் மிகுபாரம். நத்தையின் ஓட்டிற்குச் சுண்ணச்சத்தும், மரவட்டைக்கு ஈரமண்ணும் மக்கிய இலையும் கிட்டாவிடில், அது உணவு தடுத்தலேயாம்.

இனி, கடினமான வினா ஒன்று உண்டு. பாம்பின் உணவு ஊன். பாம்பு தன் இயல்பால் உண்கின்றது. அதற்கென எலியை வளர்த்துக் கொடுக்கும் கைக்கோ சங்கற்ப இம்சை நேர்கின்றது. எத்துணை நேர்த்தியான கூடும் இக்குறையைப் போக்காது. மேலும், நல்லபாம்பு, சாரை முதலியவற்றை அனுமதியின்றிப் பிடித்து வைத்தல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் குற்றமாகும்.

ஆதலின், பள்ளிக்கு இலையுண்ணும் நத்தையும் மரவட்டையுமே போதும் என்பது நம் துணிபு. தொல்காப்பியர் ஈரறிவுயிராக வைத்த நத்தையைக் காட்டியே அறிவின் படிநிலைகளைக் கற்பிக்கலாம். சில நாள் வைத்தபின், எடுத்த இடத்திலேயே அவற்றை விட்டுவிடல் வேண்டும். பாம்பைப் பற்றிய பாடத்திற்குப் படமும் வார்ப்புருவமும் துணை செய்யும்.

இளவரசராய் இருந்தபோது பார்சுவநாதர், தவசி ஒருவன் எரித்த கட்டையினுள் பாம்பிணை வருந்துவதை அறிந்து இரங்கினார். அவையே தரணேந்திரனும் பத்மாவதியுமாகப் பிறந்தன என்பது நம் புராணம். பிறர் வெறுங்கட்டை என்று கண்ட இடத்தில் அவர் உயிரைக் கண்டார். நம் பிள்ளைகளும் அவ்வாறு காணக் கற்பாராயின், அக்கூடு அமைத்ததன் பயன் நிறைவேறும்.

எவ்வுயிரும் அச்சமின்றி வாழ்க! அறம் வளர்க!