மனையும் மனிதரும்

"என் மனை! என் பணத்தில் வாங்கி, என் பெயரில் பதிவு செய்த மனை!" என்று முழங்குகிறார் ஒருவர். அவர் கையிலே கிரயப் பத்திரம் இருக்கிறது. பையிலே பட்டா இருக்கிறது.

"என் குடிசை! முள் வெட்டி, மேடு நிரவி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த இடம்!" என்று விம்முகிறார் மற்றொருவர். அவர் கையிலே ஏதுமில்லை. கண்ணிலே நீர் இருக்கிறது.

முன்னவரை நாம் 'உரிமையாளர்' என்கிறோம். பின்னவரை 'ஆக்கிரமிப்பாளன்' என்கிறோம். ஒருவருக்கு 'அர்', மற்றவருக்கு 'அன்'! வழக்கு மன்றத்தின் படியேறு முன்பே, நமது நாக்கு தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

மனை வாங்குவோர் எல்லாம் மாபாவிகள் என்று நாம் கூறவில்லை. ஓய்வு பெறும் நாளில் கிடைத்த தொகையை ஊர்ப்புறத்தில் ஓர் அரை கிரவுண்டில் போட்டுவைத்த எழுத்தர் உண்டு; மகளின் திருமணத்துக்கு உதவும் என்று வெளிநாட்டில் வியர்வை சிந்தி வாங்கியவர் உண்டு. பத்தாண்டு கழித்து வந்து பார்க்கும்போது அங்கே அடுப்புப் புகைவது கண்டு அவர் திகைப்பது இயல்பு. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டிற்றாம்" என்று அவர் புலம்பினால், அந்தப் புலம்பலிலே பொய் இல்லை. ஏழையின் தேவை பெரிதுதான். ஆனால் இன்னோர் எளியவரின் சேமிப்பிலிருந்தா அதனை ஈடுசெய்வது?

சட்டம் என்ன சொல்லுகிறது? 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிறர் நிலத்தை ஒருவர் ஒளிவு மறைவின்றி, இடைவிடாது, உரிமையாளரின் உரிமையை மறுத்து 12 ஆண்டு அனுபவித்தால், உரிமையாளர் மீட்பு வழக்குத் தொடுக்கும் வாய்ப்பை இழக்கிறார் என்கிறது. அரசு நிலமாயின் 30 ஆண்டு. 'எதிரிடை அனுபோகம்' என்று இதற்குப் பெயர். 2008-இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியைக் கடுமையாகச் சாடி, அதனை மறுபடி ஆராயுமாறு கூறியது. 2023-இல் சட்ட ஆணையமோ மாற்றம் வேண்டாம் என்று அறிக்கை தந்தது. சான்றோர் அவையிலேயே இருவேறு கருத்து!

நமக்கு இவ்விதியில் ஓர் அறம் தெரிகிறது. ஓர் ஆபத்தும் தெரிகிறது. உடைமை என்பது பெட்டியிலே பூட்டிய காகிதம் மட்டுமன்று, அதனைப் பேணும் கடமையும் அதனுள் அடக்கம் என்பது அறம். அந்தப் பன்னிரண்டு ஆண்டைக் காத்திருந்து கணக்கிட்டு, வழக்கறிஞரை வைத்து வாதிட வல்லவர், குடிசைக்காரரைவிட வஞ்சகரே என்பது ஆபத்து.

சரி, திகைத்து நிற்கும் உரிமையாளர் என்ன செய்கிறார்? வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும்; அடியாளோ ஒரே இரவில் முடித்துத் தருவான் என்று காதில் ஓதுகிறார் ஒரு தரகர். நள்ளிரவில் லாரி வருகிறது. கூரை சரிகிறது. காலையில் கம்பிவேலி நிற்கிறது. "பிரச்சினை தீர்ந்தது" என்கிறார்கள்.

தீரவில்லை, ஐயா! 1963-ஆம் ஆண்டின் தனிநிவாரணச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, சட்டவழியன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து அனுபோகத்தை மீட்கலாம் என்கிறது. பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வியே அங்கு எழாது. நிலைபெற்ற அனுபோகத்தில் இருப்பவர் அத்துமீறிப் புகுந்தவரே ஆயினும், சட்டத்தின் வழியேதான் அவரை வெளியேற்ற வேண்டும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. காரணம் எளிது. உரிமை உடையவர் தடி எடுக்கலாம் என்றால், தடி உடையவரெல்லாம் உரிமை கொண்டாடத் தொடங்குவர். அன்று முதலில் வீழ்பவர், அந்த ஓய்வு பெற்ற எழுத்தரே!

இன்னொன்றும் கேட்போம். ஏரிக்குள்ளே கல் நட்டு, வண்ண வண்ணக் கொடி கட்டி, மனையென்று விற்றவரை எவரேனும் 'ஆக்கிரமிப்பாளன்' என்றழைத்தது உண்டா? கால்வாய்க் கரையிலே ஓலைக் குடிசை போட்டவருக்கு அந்தப் பட்டம்; கால்வாயையே மூடியவருக்கு 'தொழிலதிபர்' பட்டம்! நிலத்தை அபகரித்த அளவைக் கொண்டு பார்த்தால், பட்டங்கள் இடம் மாறியிருக்க வேண்டாமா?

தமிழகத்தின் வரலாறு ஒரு பாடம் தருகிறது. பண்ணையாரின் மண்ணில் குடிசை கட்டி வாழ்ந்த உழவுத் தொழிலாளி, கூலி கூட்டிக் கேட்டால் போதும், "குடிசையைக் காலி செய்" என்ற ஒரே சொல் அவர் வாயை அடைத்தது. 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் அந்த மனையை அவருக்கே உரிமையாக்கிற்று. நேற்று வரை 'தயவில் இருப்பவர்' எனப்பட்டவர், தன் வாசலிலே தலை நிமிர்ந்து நின்றார். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கிலே, பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நடைபாதை அவர்களுக்கே சொந்தம் என்று கூறவில்லை. அறிவிப்புத் தந்து, முறைப்படி அகற்றலாம் என்றது.

அகற்றப்பட்டவர் எங்கே போவார்? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் மாடி வீடு பெற்றோர் பலர், விட்டுவந்த வேலைக்கு வெகுதொலைவு செல்ல நேர்ந்து வாடியதை நாடறியும். எழுத்தரையும் குடிசைவாசியையும் ஒரு துண்டு நிலத்திலே மோதவிட்டுச் சமுதாயம் வேடிக்கை பார்ப்பது அறமாகாது. வேலைக்கு அருகிலே வீடு தருவது அரசின் கடன். அந்தக் கடனைத் தனி ஒருவரின் மனையிலே வசூலிப்பது முறையன்று.

மனை வாங்குவோரின் கடன் என்ன? எல்லைக்கல் நடுங்கள், நில அளவையரை அழைத்து அளந்து பாருங்கள், வேலியிடுங்கள், ஆண்டுக்கு இருமுறையேனும் சென்று வாருங்கள், வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாடகைக்கு விட்டால் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். இவை தன்னலம் காக்கும் வழிகள், தவறில்லை.

இவற்றுக்கெல்லாம் முந்திய கடமை ஒன்று உண்டு. வில்லங்கச் சான்றிலே பதிவான விற்பனை வரும், அடமானம் வரும். அந்த மண்ணிலே அடுப்பு மூட்டும் மனிதரின் பெயர் வராது. அவர் இருப்பதாலேயே விலை குறைகிறது. "குறைந்த விலைக்கு முடியுங்கள், காலி செய்வது என் பொறுப்பு" என்கிறார் தரகர். அந்தக் குறைந்த விலையிலே மிச்சமாகும் பணம், நள்ளிரவு லாரியின் வாடகை! அதை அறிந்தே வாங்குபவர், கூரை சரியும்போது ஊரில் இல்லாவிடினும், கூரையைச் சரித்தவரே.

மனை வாங்கச் செல்லும் நண்பரே! பத்திரத்தைப் புரட்டுமுன் மண்ணில் நடந்து பாருங்கள். அங்கே யாரேனும் வாழ்ந்தால், அவரிடமே கேளுங்கள்: எத்தனை ஆண்டாக இருக்கிறீர், எங்கே வேலை செய்கிறீர், எங்கே போவீர்? விடை கேட்டபின்னும் கை கூசாமல் முன்பணம் தர முடிகிறதா என்று உங்கள் நெஞ்சைக் கேளுங்கள். கை கூசினால் திரும்பி வந்துவிடுங்கள். விற்பனைக்கு வேறு மனை கிடைக்கும்.